சீழ்க்கைக்கு ஆமென்

கடலுக்கடியில் குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கு இரண்டு குரல். ஒன்று தொண்டையிலிருந்து வருவது. கேட்டால் குளத்துத் தாரா வாத்து கத்துவதுபோல இருக்கும். இன்னொன்று, காதுக்குள் செருகியிருக்கிற மணி அதைத் திருத்திக் கொடுப்பது. கொஞ்சுவதும் ஏசுவதும் மன்னிப்புக் கேட்பதும் எல்லாம் இந்த இரண்டாவது குரலில்தான். சந்தியாகுவுக்குத் தன் பெண்டாட்டிமேல் சந்தேகம் வந்ததும் இந்தக் குரலால்தான்.

மணப்பாட்டுக்குக் கிழக்கே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், எரிவாயுக் குழாய்களைப் பழுதுபார்க்க ஒரு தளம் இருந்தது. இரும்பு உருளைகளை ரயில்பெட்டிபோலக் கோத்து வைத்த தளம். அவ்வளவு அழுத்தத்தில் ஊறிய உடம்பைக் கரைக்குக் கொண்டுவர நாள்கணக்கில் மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்க வேண்டும். அதனால் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தவணை முழுக்க அங்கேயே தங்கிவிடுவார்கள். கரைக்காற்று அந்த ஆழத்தில் ஆளை மயக்கும். ஆகவே மூச்சுக்கு ஹீலியம் அதிகம், நைட்ரஜன் கொஞ்சம், ஆக்சிஜன் துளி என்று ஒரு கலவை. அந்தக் கலவையைக் காப்பவன் சந்தியாகு. வாயுக்காரன் என்றுதான் அவனை எல்லாரும் சொல்வார்கள். அவன் மனைவி பிலோமி தண்ணீருக்குள் குழாய்களைப் பற்றவைத்து ஒட்டுகிறவள். தளத்தில் இருந்த ஒரே தம்பதி அவர்கள்.

மூன்றாவது ஆள் ஹில்லாரி மச்சாது. வெளியே தண்ணீரில் வேலை செய்கிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பது அவன் வேலை. காதுமணிகளும் அவன் பொறுப்பு. அவன் உட்காரும் இடத்துக்குப் பேச்சறை என்று பெயர். கல்யாணமாகாதவன், வாய் ஓயாதவன். எந்த நேரமும் பாக்கெட்டில் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பான்.

விவகாரம் உணவறையில் தொடங்கியது. மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே பிலோமிதான் கேட்டாள்.

"ஹில்லாரி, நான் வந்த நாள்லேர்ந்து கேக்கணும்னு நெனைக்கேன். மணியைக் கழத்துனா நாமெல்லாம் ஏன் தாரா மாதிரி கத்துதோம்?"

"உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டா அவரே சொல்லுவாரே, மைனி."

"அவுக சொன்னா எனக்குத் தூக்கம் வந்துரும்."

மேசை முழுக்கச் சிரித்தது. சந்தியாகுவும் சிரித்தான். 

"அண்ணே, உங்க சீழ்க்கையைக் கொஞ்சம் குடுங்க," என்று ஹில்லாரி கையை நீட்டினான். சந்தியாகு எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் விரல்நீள எஃகுக் குழல் அது. நாலுபேர் முன்னால் மறுக்க முடியாமல் கழற்றிக் கொடுத்தான்.

"இது ஒரு குழல். நம்ம தொண்டையும் ஒரு குழல். உள்ள எவ்வளவு நீளத்துக்கு அலை அடங்கும்னு முடிவு பண்ணுதது குழலோட நீளம். கரையில இருந்தாலும் அதேதான், கடலடியில இருந்தாலும் அதேதான். இங்க வந்ததுக்காக உங்க தொண்டை நீளவா போகுது? ஆனா சத்தம் ஓடுத வேகம் மாறிருது. கரைக்காத்துல செகண்டுக்கு முந்நூத்தம்பது மீட்டர். இந்தக் கலவையில அறுநூறு. ஹீலியம் லேசு பாருங்க, சத்தம் பிச்சுக்கிட்டு ஓடும். அலையோட நீளம் அப்படியே இருக்கு, வேகம் மட்டும் கூடிட்டுன்னா என்ன ஆவும்?"

"நீயே சொல்லுடா," என்றான் மேசையில் ஒருவன்.

"ஒரு செகண்டுல வந்து மோதுத அலை கூடும். அதிர்வெண் ஏறிரும். அதான் தாரா. மணிக்குள்ள ஒரு எண்ணு போட்டு வச்சிருக்கேன். ஏறுனதை அந்த எண்ணால வகுத்துப் பழையபடி இறக்கிக் குடுத்துரும். தளம் முழுக்கக் காத்து ஒண்ணுதானே, அதனால எண்ணும் ஒண்ணுதான்."

"சின்னப்புள்ளைக்கும் புரியும்போலச் சொல்லுதியே!" என்றாள் பிலோமி. அந்தக் குரல் சந்தியாகுவின் காதுமணியில் வெல்லப்பாகுபோல வந்து விழுந்தது. நாலு வருஷத்துக் கல்யாணத்தில் அவனிடம் அவள் இப்படி எதற்காவது வியந்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஹில்லாரி சீழ்க்கையைத் திருப்பித் தந்தபோது துணியால் துடைத்துத்தான் கழுத்தில் மாட்டினான்.

அந்தச் சீழ்க்கைக்குத் தளத்தில் ஒரு மரியாதை உண்டு. தினமும் வேலை தொடங்குமுன் சந்தியாகு அறை அறையாக வருவான். ஒரு கையில் சீழ்க்கை, இன்னொரு கையில் எஃகு இசைக்கவை. அவன் கவையைத் தூக்கினதும் எல்லாரும் காதுமணியைக் கழற்றுவார்கள். கவையை முழங்காலில் தட்டுவான். எந்தக் காற்றிலும் அதன் சுருதி மாறாது, ஏனென்றால் அது இரும்பின் ஆட்டம். பிறகு சீழ்க்கையை ஊதுவான். அது காற்றின் ஆட்டம், ஹீலியம் கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். இரண்டும் ஒட்டி ஒரே சுருதியாக ஒலித்தால் அந்த அறையின் கலவை சரி. அப்போது அறையில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து "ஆமென்" என்பார்கள். யாரோ கேலிக்கு ஆரம்பித்தது. பிறகு அது சொல்லாமல் யாரும் வேலைக்குக் கிளம்புவதில்லை என்றாகிவிட்டது. இந்து ஆட்களும் சொல்வார்கள், தொழுகை தவறாத காசிமும் சொல்வான்.

ஒரே ஒரு அறையில் மட்டும் சந்தியாகு ஊதுவதில்லை. அது அவனுடைய வாயு அறை. கலவையே அங்கிருந்துதானே போகிறது, அங்கே என்ன கெடப்போகிறது? தராசுக்காரன் தன்னையே நிறுத்துப் பார்ப்பதில்லை.

வாயு அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல அவர்கள் இருவரும் படுக்கும் இடம். நடுவில் கதவு கிடையாது. அறையின் மூலையில் கம்பிவலை போட்ட காற்றுவழி ஒன்று இருந்தது. சிலிண்டர் மூட்டுகளில் எப்போதும் கொஞ்சம் ஹீலியம் கசியும். அதை இழுத்துப் போகத்தான் அந்த வழி. அதன் மறுமுனை பேச்சறைப் பக்கம் போனது. காதை வைத்தால் ஹில்லாரி மிட்டாய் மெல்லுவதுகூடக் கேட்கும் என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது. அப்படியானால் பிலோமி பேசுவதும் அவனுக்குக் கேட்குமே.

உணவறைப் பேச்சு நடந்த அன்றே ஒரு தார்ப்பாயை எடுத்துக் காற்றுவழியை மறைத்துக் கட்டினான்.

"இது எதுக்கு?" என்றாள் பிலோமி.

"சத்தம் வருது. தூங்க முடியல."

வாயுக்காரனுக்குத் தெரியாதா, அடைத்தால் கசிவு அறைக்குள்ளேயே தங்கும் என்று? தெரியும். சின்ன மறைப்புதானே, ஓரத்தில் இடைவெளி இருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பொறாமைக்காரன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எப்போதும் பாதி சரியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் பிலோமியின் குரல் மாறியது. ஒரேநாளில் அல்ல. முதலில் கொஞ்சம் காய்ந்தது. பிறகு மூக்கால் பேசுகிற மாதிரி ஆனது. பிறகு, "சாப்பிட வாரீயளா?" என்று கேட்டால்கூட யாரோ வற்புறுத்திக் கேட்கவைத்ததுபோலக் கீச்சென்று, கடுகடுவென்று வந்தது. அதே பிலோமி உணவறையில் பேசினால் பழைய குரல். பேச்சறையில் நின்று பேசினால் பழைய குரல். தண்ணீருக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் பேசினாலும் பழைய குரல். அவனோடு அறையில் தனியாக இருக்கும்போது மட்டும் அந்தக் கீச்சு.

சந்தியாகு முறையாக யோசிக்கிறவன். யார் இருக்கும்போது எந்தக் குரல் என்று மனசுக்குள்ளேயே சரிபார்த்தான். எத்தனை முறை சரிபார்த்தாலும் விடை ஒன்றாகவே வந்தது. ஊருக்கெல்லாம் இனிப்பு, எனக்கு மட்டும் புளிப்பு.

ஒருநாள் ஹில்லாரி ஏதோ மணியைச் சோதிக்க வேண்டும் என்று வாயு அறைக்கு வந்தான்.

"அண்ணே, மைனி மணியில ஏதாவது கோளாறு தெரியுதா உங்களுக்கு?"

அவன் குரலும் கீச்சென்று, இறுகி வந்தது. குற்றமுள்ளவன் குரல் இப்படித்தான் இருக்கும் என்று சந்தியாகு முடிவுகட்டினான்.

"அவ மணியைப் பத்தி உனக்கென்னலே கவலை?"

"இல்லண்ணே, மைனிதான் கேக்கச் சொன்னாவ..."

"என்ட்ட கேக்காம உன்ட்ட கேட்டாளோ?"

ஹில்லாரி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் பதில் சொல்லாமல் போனதையும் சந்தியாகு கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அன்று பிலோமி வேலை முடித்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது வாய்விட்டே கேட்டான்.

"அவன்ட்ட பேசும்போது சிரிச்சுச் சிரிச்சுப் பேசுத. என்ட்ட வந்தா மட்டும் ஏன் இப்படிச் சிடுசிடுக்க?"

"யாரு, நானா? நான் எப்பவும்போலதான் பேசுதேன். நீங்கதான் வர வரக் கடிச்சுத் துப்புதீய."

"நானா கடிக்கேன்?"

"ஆமா. 'தண்ணி குடு'ன்னாக்கூட அடிக்க வார மாதிரிதான் இருக்கு."

"பேச்சை மாத்தாத பிலோமி."

அவள் துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கொடியில் போட்டாள். கொஞ்சநேரம் அவனையே பார்த்தாள். அது கோபப் பார்வை இல்லை. ஒட்டவைத்த குழாயில் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறவள் பார்வை. பிறகு எழுந்து போனாள். எங்கே போகிறாள் என்று அவன் காதைத் தீட்டிக் கேட்டான். காலடி பேச்சறை வாசலில் நின்றது.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கீச்சு இன்னும் ஏறியிருப்பதாகப் பட்டது. ஏறித்தான் இருந்தது.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் மயங்குவது ஹில்லாரியின் பேச்சில்தானே? அந்தப் பேச்சு தாராப் பேச்சானால்? பேச்சறைக்குப் போகும் ஹீலியம் வால்வைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டால் போதும். அங்கே வேகம் கூடும், மணியில் இருக்கும் எண் போதாது, அவன் குரல் மணிக்குள்ளும் கீச்சென்றே கேட்கும். அதற்கு ஈடாக நைட்ரஜனைத்தான் குறைக்கப் போகிறேன், ஆக்சிஜனைத் தொட மாட்டேன், ஒருவனுக்கும் மூச்சு முட்டாது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டான். ஆனால் அந்தத் தளத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, யாருக்கும் சொல்லாமல் கலவையில் கைவைப்பது. எல்லாருடைய மூச்சும் அவன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் தூங்குகிறார்கள். வெளியே இருட்டுத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு வழிசொல்லும் அறை வேறு அது. அவனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தே வால்வைத் திருகினான்.

கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, கவையையும் சீழ்க்கையையும் எடுத்துக்கொண்டு, வழக்கமான சோதனைக்குப் போகிறவன்போலப் பேச்சறைப் பக்கம் நடந்தான். வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றான். உள்ளே பிலோமியின் குரல்.

கீச்சென்ற குரல். காய்ந்து, கடுகடுத்து, வற்புறுத்தலுக்குப் பேசுவதுபோல. தன் அறையில் தன்னிடம் பேசும் அதே குரல்!

சந்தியாகுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவனும் சலித்துவிட்டானா இவளுக்கு? வா மகனே, இப்போது தெரியுதா என் பாடு? வால்வைத் திருகியது அவனுக்கு அந்த நொடியில் நினைவிலேயே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

பிறகு அவள் சொன்னது காதில் விழுந்தது.

"ஹில்லாரி, இப்ப நீ பேசுதது அப்படியே அவுக பேசுத மாதிரி இருக்கு. இந்தக் கடுகடுப்புதான். இதைத்தான் நான் இத்தனை நாளா உன்ட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"உங்க குரலும்தான் மைனி மாறியிருக்கு. இருங்க, மணியில கோளாறு இல்ல. காத்துலதான் என்னமோ... அந்தா அண்ணனே வந்துட்டாரு. அண்ணே, வாங்க, ஒரு ஊது ஊதுங்க."

உள்ளே போகாமல் இருக்க முடியவில்லை. மூவரும் மணியைக் கழற்றினார்கள். கவையை முழங்காலில் தட்டினான். சீழ்க்கையை உதட்டில் வைத்தான். ஊதாமல் நின்றான்.

"ஊதுங்க," என்றாள் பிலோமி, மணியில்லாத தாராக் குரலில்.

ஊதினான். சீழ்க்கை கவையைவிட மேலே ஏறிப்போய் ஒலித்தது. காது கேளாதவனுக்குக்கூடப் பல் கூசியிருக்கும். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. தளத்தில் அந்தச் சொல் வராமல்போனது அதுதான் முதல்தடவை.

பிலோமி அவன் கையிலிருந்து சீழ்க்கையையும் கவையையும் வாங்கிக்கொண்டாள். வெளியே நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குப் பாதிவழியில்தான் புரிந்தது. வாயு அறைக்குள் போய், அவர்கள் படுக்கையருகில் நின்று, தட்டினாள், ஊதினாள். இங்கேயும் சீழ்க்கை மேலே. பேச்சறையைவிட இன்னும் ஒரு படி மேலே.

அவள் மூலையைப் பார்த்தாள். போய்த் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து பாய் கீழே விழுந்தது.

மணியை மறுபடி செருகிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவனும் செருகிக்கொண்டான். அறையில் காற்று இன்னும் மாறவில்லை. குரல் கீச்சென்றுதான் வந்தது.

"இது தூங்கத்தான் மாட்டுனீயளா?"

"நீ பேசுதது அவனுக்குக் கேக்குமேன்னு..." என்றவன் அதற்கு மேல் முடிக்கவில்லை.

"கேட்டா? நம்ம ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம் பேசிக்கிட்டோம்? அரிசி தீந்துட்டு, அழுக்குத் துணி கெடக்கு."

அவன் கீழே கிடந்த தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

"சரி. இங்க காத்து கெட்டது தார்ப்பாயால. ஹில்லாரி அறைக்குத் தார்ப்பாய் கட்டுனது யாரு?"

பேச்சறை வால்வில் கைவைக்கக்கூடியவன் தளத்தில் ஒருத்தன்தான். அது அவளுக்கும் தெரியும்.

"நான் உள்ள இருந்தேனே," என்றாள். "அதையும் யோசிக்கலியா?"

"ஆக்சிஜனைத் தொடல பிலோமி. சத்தியமா."

"உங்க குரல் எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு, தெரியுமா? கட்டுனவன் இப்படிப் பேச மாட்டானேன்னு நெனைச்சேன். இது மெஷின் கோளாறாத்தான் இருக்கும்னு மெஷின்காரன்ட்ட போனேன்." சீழ்க்கையையும் கவையையும் படுக்கையில் வைத்தாள். "நீங்க எங்க போனீய?"

ஹில்லாரி வாசலில் வந்து நின்றான். "அண்ணே, வால்வைப் பழையபடி வச்சிருங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான். யாருடைய கருணையை உலகத்தில் வேண்டாம் என்று சந்தியாகு நினைத்தானோ, அவனுடைய கருணைதான் வந்து கையில் விழுந்தது.

"நீ சொல்ல வேண்டாம் ஹில்லாரி," என்றாள் பிலோமி. "அவுகளே போய்ச் சொல்லுவாக."

சொன்னான். தளத்தலைவி கொர்னேலியா அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்நேரம் தண்ணிக்குள்ள யாராவது நின்னாங்களா?" யாரும் இல்லை என்றான். "உன் அதிர்ஷ்டம்," என்று சொல்லி, வால்வுச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மாற்றாள் வரும்வரை சோதனை மட்டும் அவன் செய்யலாம். அதுவும் பக்கத்தில் இன்னொருவர் நின்று கேட்க வேண்டும்.

தவணை நடுவில் மேலே போகும் கூண்டில் பிலோமி இடம் கேட்டு வாங்கினாள். உடம்புக்கு என்ன என்று கொர்னேலியா அம்மா கேட்கவில்லை. கூண்டுக் கதவு மூடுமுன் சந்தியாகு போய் நின்றான். என்ன சொல்வது என்று தெரியாமல், "பாத்துப் போ," என்றான். தலையை ஆட்டினாள். அங்கே காற்று சரியாக இருந்தது. குரல் எப்படி வருகிறது என்று கேட்க ஆசைப்பட்டான், அவள் பேசவில்லை.

மேலே கப்பலில் அழுத்தம் இறக்கும் அறைக்குள் அவள் நாள்கணக்கில் கிடக்க வேண்டும். ஹீலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக் கரைக்காற்றை உள்ளே விடுவார்கள். தாராக் குரல் அதுபாட்டுக்கு இறங்கி இறங்கி ஒருநாள் மனுஷக் குரல் ஆகும். அந்த நாளுக்காகச் சந்தியாகு காத்திருந்தான். ஒரு மணியும் ஒரு எண்ணும் நடுவில் நிற்காமல், அவளுடைய சொந்தக் குரலை ஒருமுறை கேட்டால் போதும். அதில் கடுப்பு இருந்தால் கடுப்பு, கனிவு இருந்தால் கனிவு. எதுவானாலும் அது தனக்கு என்று வந்ததாக இருக்கும்.

கடைசியில் அந்த நாளில் ஹில்லாரியே வந்து, "அண்ணே, கப்பல் லைன் போட்டிருக்கேன். உங்க அறை ஒலிபெருக்கிக்கு வரும். அது கரண்டுக்கு ஆடுத தகடு, காத்து எப்படி இருந்தாலும் சுருதி மாறாது. மணியைக் கழத்திட்டுக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

சந்தியாகு மணியைக் கழற்றினான். காற்றுவழி திறந்திருந்தது. சுருட்டிய தார்ப்பாய் மூலையில் கிடந்தது.

"பிலோமி?"

"கேக்குது. சொல்லுங்க." அவனுடைய தாராக் குரலுக்கு அவள் சிரிக்கவில்லை.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நீங்க சாப்பிட்டீயளா?"

"சாப்பிட்டேன்."

அவன் ஒலிபெருக்கிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"நம்ம அறையில ஊதிப் பாத்தீயளா?"

"இன்னும் இல்ல."

"ஊதுங்க. நான் கேக்கேன்."

கவையைத் தட்டினான். சீழ்க்கையை ஊதினான். இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒட்டி ஒலித்தன.

"ஆமென்," என்றாள் பிலோமி.

அவன் அந்தச் சொல்லை உற்றுக் கேட்டான். கடுப்பு இல்லை, சலிப்பு இல்லை. தெளிவான, மரியாதையான, நல்ல குரல். உணவறையில் காசிமிடம் உப்புக் கேட்கும் குரல். ஹில்லாரியிடம் பேசும் குரல். ஊரில் யாரிடமும் பேசும் குரல்.

லைன் அறுந்தபிறகும் சந்தியாகு ஒலிபெருக்கியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் கீச்சுக் குரலாவது தனக்கென்று மட்டும் இருந்தது என்று அவனுக்குத் தோன்றியது.